எதிர்க்குறிப்பு

கம்பெனி ஒரு நபர்
என்று முதல் வகுப்பில் சொல்வேன்.
பெயர் உண்டு, முகவரி உண்டு,
வழக்குப் போடலாம், அதன்மேலும் போடலாம்.
சாவு மட்டும் தானாக வராது.
பங்குதாரர் எல்லாரும் ஒரே பேருந்தில் கவிழ்ந்தாலும்
மறுநாள் காலை
கம்பெனி கதவு திறக்கும்.

பதினேழு வருடமாக
இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும்.
போன மாசியில் ஒருத்தி சிரிக்கவில்லை.
ஊத்தங்கரைப் பக்கம், சௌடேஸ்வரி.
"மேடம், அந்த நபருக்குத் தண்ணி தவிக்குமா?"

பாடத்திட்டத்தில் இல்லை என்றேன்.

தர்மபுரியில் வேலை, கிருஷ்ணகிரியில் வீடு.
ஆண்டறிக்கைகளில்
'நிலைத்தன்மை' எத்தனை முறை வருகிறதென்று
எண்ணி எண்ணி முனைவர் ஆனவள் நான்.
சொல் ஏறியது, புகையும் ஏறியது.
இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டேன்,
அதுதான் என் கண்டுபிடிப்பு.
ஆஸ்லோவில் பதினைந்து நிமிடம் பேசினேன்.
கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து
ஊர் எது என்றார்.
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி
எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்.

காவேரிப்பட்டணம் தாண்டி
தினமும் பேருந்து ஜன்னலில் வரும் மாங்கூழ் ஆலை.
அதன் இயக்குநர் குழுவில்
ஒரு பெண் வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும்.
இரண்டும் ஒரே நாற்காலியில் கிடைத்ததில்
அவர்களுக்குச் சிக்கனம்.

முந்திரி, காபி, ஏசி.
பொருள் ஏழு: புதிய ஆழ்துளைக் கிணறு மூன்று,
ஆயிரத்து நானூறு அடி.
பொருள் எட்டு: பசுமை அறிக்கை,
அட்டைப்படத்துக்கு ஒப்புதல்.
படத்தில் ஒரு மழைத்துளி,
துளிக்குள் ஒரு மாமரம்.

பொங்கலுக்கே வெயில் ஏறிப்
பூ கருகிய வருடம் அது.
சந்தூர்த் தோப்புகளில்
டேங்கர் தண்ணீரை விலைக்கு வாங்கி
வேருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்,
நோயாளிக்குக் கஞ்சி புகட்டுவது மாதிரி.

நூற்று அறுபத்தாறாம் பிரிவை எடுத்தேன்.
இயக்குநர் யாருக்கெல்லாம் கடமைப்பட்டவர்?
கம்பெனி, ஊழியர், பங்குதாரர், சமுதாயம்.
கடைசியில் சுற்றுச்சூழல்,
ரேஷன் கடையில் சரக்குத் தீர்கிற நேரத்தில்
ஓடி வந்தவளைப் போல.
இருந்தாலும் வரிசையில் நிற்கிறது, பாருங்கள்
என்று சத்தமாக வாசித்தேன்.

எம்.டி. ஜெயப்பிரகாஷ் கெட்டவரில்லை.
"கெணறு இல்லன்னா அறுநூறு பேருக்கு
சீசன் கூலி இல்ல மேடம்.
அவங்களும் அந்த வரியிலதான் இருக்காங்க."

இருந்தார்கள்.
எனக்கு முன்னாலேயே, இரண்டாவது சொல்லில்.
என் இருபத்துமூன்று கட்டுரைகளில் ஒன்றுகூட
இந்த அறை வரைக்கும் வந்ததில்லை.

ஐந்து கை உயர்ந்தது.
என் கை மடியில் கிடந்தது,
கொஞ்சம் நடுங்கியது என்றும் சொல்லலாம்.
எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள் என்றேன்.
செயலர் சின்னப் பையன்,
பேனாவை நிறுத்தினான்.
"என்னன்னு எழுத மேடம்?"

அடிக்குறிப்பு அடுக்கியே பழகிய வாய்
ஒற்றை வாக்கியம் கேட்டதும் உலர்ந்துபோனது.
பிறகு சொன்னேன்:
இந்த நிலத்தடியில் எவ்வளவு மிச்சம் என்று
அறையில் யாருக்கும் தெரியாது. எனக்கும்.

அழகாக எழுதியிருந்தான்,
'எனக்கும்' மட்டும் இல்லை.
மரியாதைக்காக விட்டானாம்.
நானே சேர்த்து
ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

இரண்டு கிணறு ஓடுகிறது.
மூன்றாவது
இரண்டு நாள் வெள்ளைப் புழுதி கக்கிவிட்டு
மூடிபோட்டுக் கிடக்கிறது.
அறிக்கை பளபள தாளில் வந்தது,
மழைத்துளியோடு.
என் வரி அதில் இல்லை.
குறிப்பேட்டில் இருக்கிறது, பக்க எண்ணோடு.
குறிப்பேட்டை நிரந்தரமாகக் காக்க வேண்டும்
என்கிறது விதி.
நான் போன பிறகும்
யாரும் திறக்காத அலமாரியில்
அந்த 'எனக்கும்' உட்கார்ந்திருக்கும்.

இந்த செமஸ்டர் கேள்வித்தாள் என் பொறுப்பு.
பத்து மார்க்குக்கு எழுதினேன்:
கம்பெனி என்ற நபருக்குத் தண்ணீர் தவிக்குமா?
சட்டப் பிரிவுகளுடன் விவாதிக்க.

பாடத்திட்டத்தில் இல்லை என்று
சிவப்பு மையில் அடித்துத் திருப்பினார்கள்.
நல்லவேளை.
விடைக்குறிப்பும் கேட்டிருப்பார்கள்.